கூரை ஓட்டுக் கணக்கு

 

ஆடிக் காற்று ஓய்ந்து ஆவணி பிறந்துவிட்டால், காவிரிக் கடைமடையில் ஓட்டு வீடுகளில் வாழ்வோர் அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஐப்பசி அடைமழைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, சென்ற ஆண்டு ஒழுகிய இடம் எது, எந்த ஓடு விரிசல் விட்டிருக்கிறது என்ற விசாரணை வீடுதோறும் நடக்கும். சில்லறைப் பழுதென்றால் ஓடு மாற்றுபவரை அழைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம். கூரை முழுவதையும் பிரித்து மேய வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் சங்கடம். எத்தனை ஓடு, எத்தனை அடி ரீப்பர், எத்தனை கைமரம் என்று ஒருவர் ஒரு கணக்குச் சொல்வார். மற்றொருவர் வேறு கணக்குச் சொல்வார். நம் குடும்பங்களில் பலவற்றில் வீட்டுத் தலைவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார். அந்தக் கணக்குகளைக் கேட்டு, எது சரியென்று தீர்மானித்து, பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு வீட்டிலிருக்கும் தாய்மார்களின் தலையில் விழுகிறது.

ஆகவே இம்மாதம் கூரைக் கணக்கைப் பற்றி எழுதலாமென்று எண்ணினேன். நான் தச்சனும் அல்லன், கொத்தனும் அல்லன். கல்லூரியில் வரலாறு படித்தவன். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். இந்தக் கணக்கில் ஒருமுறை தவறி, அதனால் பிறருக்கு நட்டத்தையும் மனவருத்தத்தையும் உண்டாக்கியவன் என்ற தகுதி மட்டுமே எனக்கு உண்டு. அந்தத் தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, கூரைகள் பறந்தன. எங்கள் தெருவில் தையல் வேலை செய்து இரு பெண்மக்களை வளர்த்து வரும் கைம்பெண் ஒருவரின் வீட்டில், ஓடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. கைமரங்களும் ரீப்பர்களும் மட்டும் எலும்புக்கூடு போல நின்றன. லாத்தா என்றுதான் தெருவே அவரை அழைக்கும். ஏறக்குறைய ஓராண்டுக் காலம் தார்ப்பாயின் கீழேயே அக்குடும்பம் வாழ்ந்தது. 2019 செப்டம்பரில், சவூதியில் பணிபுரியும் அவருடைய சகோதரி மகன் ஒரு தொகையை என் பெயருக்கு அனுப்பி, “ஹஜரத், நீங்களே முன்னின்று கூரையை மேய்ந்து கொடுங்கள்” என்று கேட்டுக்கொண்டார். அமானிதப் பணம். ஒரு காசும் வீணாகக் கூடாது என்று உறுதி பூண்டேன். அந்த உறுதி நல்லதுதான். அதற்கு வேண்டிய அறிவுதான் என்னிடம் இல்லை.

வீடு 30 அடி நீளம், 18 அடி அகலம். முன்னும் பின்னும் இரண்டு சரிவாக இறங்கும் சாதாரணக் கூரை. ஆசாரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே மேலே பார்த்தார். உள்ளே சென்று கூடத்தில் நின்று பார்த்தார். அளவு நாடாவை எடுக்கவேயில்லை. “ஆயிரத்து நூத்தம்பது சீமை ஓடு, முகட்டுக்கு முப்பது. ரீப்பர் முழுசும் மாத்தணும் பாய். கைமரத்துல ஏழெட்டு மாத்துனாப் போதும்” என்றார்.

நான் கடைக்குச் சென்று விசாரித்தேன். நூறு சதுர அடிக்கு 150 ஓடு என்பது பொதுக் கணக்கு என்றார்கள். முப்பதைப் பதினெட்டால் பெருக்கினால் 540 சதுர அடி. அதற்கு 810 ஓடுகள். உடைசலுக்கு ஒரு நாற்பது சேர்த்தால் 850. ஆசாரி சொன்னது 1150! முந்நூறு ஓடுகளை அவர் கூட்டிச் சொல்லியிருக்கிறார் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. கடைக்காரர்களிடம் இவர்களுக்குத் தரகு உண்டு என்று எப்போதோ யாரோ சொன்னதும் அந்நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. 850 ஓடுகளை மட்டும் வாங்கினேன். அதோடு நிற்கவில்லை. அன்றிரவே சவூதிக்குப் பேசி, “ஆசாரி முந்நூறு ஓடு அதிகம் சொன்னார், நான் பிடித்துவிட்டேன்” என்று பெருமையாகச் சொன்னேன். அந்த வாரம் என் மதரஸாப் பிள்ளைகள் மனனம் செய்துகொண்டிருந்தது அளவையில் குறைவு செய்வோரைப் பற்றிய முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம். தராசு பிடிக்கும் வணிகர்களை நினைத்துக்கொண்டுதான் அதை நான் ஓதிக் கொடுத்தேன்.

ஓடுகள் வந்து இறங்கியதும் ஆசாரி அடுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பாய் சொன்னாச் சரி” என்றார். அவ்வளவே.

ஓடு மேயும்போது ஒரு சரிவை முழுதாக முடித்துவிட்டு மறு சரிவுக்குப் போக மாட்டார்கள். ஒரு சீமை ஓடு ஏறக்குறைய 2 கிலோவிலிருந்து 3 கிலோ வரை இருக்கும். ஒரே பக்கத்தில் ஆயிரம் கிலோவுக்கு மேல் ஏற்றினால் முகட்டு வளை ஒரு புறமாகத் தள்ளப்படும். ஆகவே இரு புறமும் கீழிருந்து மேலாக, ஈடுகொடுத்தபடியே ஏறுவார்கள். இறக்கியதிலும் ஏற்றியதிலும் 22 ஓடுகள் உடைந்தன. மீதி 828. வரிசைக்கு 46 ஓடுகள் வீதம், இந்தப் பக்கம் ஒன்பது வரிசை, அந்தப் பக்கம் ஒன்பது வரிசை. அத்துடன் ஓடு தீர்ந்துவிட்டது. முகட்டின் இருமருங்கிலும் மும்மூன்று வரிசை, அதாவது மூன்றடி அகலத்திற்கு, கூரை வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

கடைக்கு ஓடினேன். அந்தத் தொழிற்சாலை ஓடு கையிருப்பில் இல்லை. அடுத்த லாரி வர இரண்டு வாரமாகும் என்றார்கள். அன்று மாலையே மேற்கொண்டு தார்ப்பாய் கட்டினோம். இரவில் மழை பிடித்துக்கொண்டது. முகட்டில் கட்டிய தார்ப்பாயைக் காற்று கிழித்தது. மூன்று நாள் மழை, வீட்டின் நட்ட நடுவே, நடுச்சுவரின் மேல் இறங்கியது. அந்தச் சுவரை ஒட்டித்தான் லாத்தாவின் தையல் இயந்திரம் இருந்தது. பெருநாளைக்குப் பிறகு சேர்ந்திருந்த மற்றவர் துணிகளும் அங்கேதான் இருந்தன. துணியைக் கொடுத்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லவா? “பரவாயில்ல ஹஜரத்” என்று அவர் சொன்ன சொல், அவர் என்னை ஏசியிருந்தால் உண்டாகியிருக்கக்கூடிய வருத்தத்தைவிட அதிக வருத்தத்தைத் தந்தது.

இனி, நான் எங்கே தவறினேன் என்பதைக் கேளுங்கள். ஏனென்றால் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் பலரும் தவறுகிற இடம் அதுதான்.

நான் அளந்தது தரையை. ஓடு வேய்வது தரைக்கு அன்று. முதலாவதாக, கூரை சுவரோடு நின்றுவிடுவதில்லை. மழைநீர் சுவரை நனைக்காதிருக்க இறவாரம் என்று வெளியே நீட்டிவிடுகிறோம். அந்த வீட்டில் முன்னும் பின்னும் ஒன்றரையடி வீதம் நீட்டம். இரு பக்கவாட்டிலும் ஓரடி வீதம். ஆகக் கூரையின் நீளம் 32 அடி, அகலம் 21 அடி. பெருக்கினால் 672 சதுர அடி. என் 540-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 132. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் அந்த நீட்டம் வீட்டைச் சுற்றிலும் ஓடுவதால் இவ்வளவு பெருகுகிறது.

இரண்டாவதாகச் சரிவு. இறவார நுனியிலிருந்து முகட்டுக்கு நேர் கீழே வரை தரையில் அளந்தால் பத்தரை அடி. அந்த நுனியைவிட முகடு 6 அடி உயரத்தில் இருக்கிறது. சாய்வாக ஏறும் தூரம் 10½ அடியாக எப்படி இருக்க முடியும்? பத்தாம் வகுப்பில் நாம் படித்த செங்கோண முக்கோணக் கணக்குதான்: 10½-இன் வர்க்கமும் 6-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 12 அடி 1 அங்குலம். இரு சரிவும் சேர்த்து 24 அடி 2 அங்குலம். இதனை 32-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 774 சதுர அடி வருகிறது. சரிவினால் மட்டும் கூடியது 102 சதுர அடி. இறவாரத்தின் 132-ஐயும் சேர்த்தால், நான் விட்டுவிட்டது மொத்தம் 234 சதுர அடி. நூறுக்கு 150 என்ற அதே கடைக் கணக்கில் 351 ஓடுகள்! ஆசாரியின் 1150-ஐ இந்த 774-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 774 சதுர அடிக்கு 1161 வருகிறது. அவர் பதினொன்று குறைத்தே சொல்லியிருக்கிறார்.

வர்க்கமூலம் என்றதும் இதழை மூடிவிட வேண்டாம். அது இல்லாமலே அளக்கலாம். கூரை வேலை செய்பவர் மேலே ஏறும்போது ஒரு நீண்ட கயிற்றைக் கொடுத்து, முன் இறவார நுனியிலிருந்து முகட்டின் மேலாகப் பின் இறவார நுனிவரை போடச் சொல்லுங்கள். இரு நுனியிலும் முடிச்சிட்டுக் கீழே இறக்கித் தரையில் நீட்டி அளந்தால் அதுவே இரு சரிவின் முழு அளவு. இறவாரமும் அதற்குள் அடங்கிவிடும். ஏறுவதற்கு ஆளில்லை, மதிப்பு மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பாதி அகலம் 10 அடியும் முகட்டு உயரம் 5 அடியும் இருந்தால் சரிவு 11 அடி 2 அங்குலம், உயரம் 6 அடியானால் 11 அடி 8 அங்குலம், 7 அடியானால் 12 அடி 3 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு.

பழைய ஓடு இன்னும் கூரையில் இருக்குமானால் இவ்வளவும் வேண்டியதில்லை. புதிய ஓடும் அதே அளவினதாக இருந்தால், ஒரு வரிசையில் எத்தனை ஓடு, ஒரு சரிவில் எத்தனை வரிசை என்று எண்ணிப் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். ஓடே இல்லாவிட்டாலும் ரீப்பர்கள் இருந்தால் போதும். வீட்டிற்குள் நின்றபடியே அவற்றை எண்ணலாம். ஆசாரி கூடத்தில் நின்று மேலே பார்த்தாரே, அப்போது செய்தது அதைத்தான். சரிவுக்கு 12 வரிசை, வரிசைக்கு 46. ஒரு பக்கம் 552, இரு பக்கம் 1104, உடைசலுக்கு நாற்பத்தாறு, ஆக 1150. திண்ணையில் வெற்றிலை மெல்லும் நேரத்தில் அவர் போட்ட கணக்கு இது. நான் எண்ணியிருந்தாலும் எனக்கும் கிடைத்திருக்கும். ஓராண்டாக அந்த ரீப்பர்கள் என் கண்ணெதிரே நின்றுகொண்டுதான் இருந்தன.

நூறுக்கு 150 என்ற கணக்கையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சீமை ஓட்டில் மூன்று அளவுகள் வழக்கத்தில் உண்டு; நீளம் 41 செ.மீ. முதல் 42½ செ.மீ. வரை, அகலம் 23½ செ.மீ. முதல் 26 செ.மீ. வரை மாறும். ஓட்டின் முழு அளவும் கூரையை மூடுவதில்லை. ஒன்றன் மேல் ஒன்று ஏறும் பகுதி வீணாகும். நம்பகமான வழி ஒன்று உண்டு. கடையிலேயே பத்து ஓடுகளை வாங்கித் தரையில் பக்கம் பக்கமாகக் காடியில் பொருத்தி வையுங்கள். முதல் ஓட்டின் இடது விளிம்பிலிருந்து பத்தாவது ஓட்டின் இடது விளிம்பு வரை அளந்து ஒன்பதால் வகுத்தால் ஓர் ஓடு உண்மையில் மூடும் அகலம் தெரியும். மேலும் கீழுமாக அடுக்கி அவ்வாறே நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். லாத்தா வீட்டு ஓட்டில் அகலம் 8½ அங்குலமும் நீளம் 12½ அங்குலமும் வந்தன. 32 அடி என்பது 384 அங்குலம். எட்டரையால் வகுத்தால் 45 சொச்சம், ஆக 46 ஓடு. சரிவு 145 அங்குலம். பன்னிரண்டரையால் வகுத்தால் பதினொன்றரைக்குச் சற்று மேல், ஆக 12 வரிசை. சொச்சம் வந்தால் எப்போதும் மேலே ஏற்ற வேண்டும்; அரை ஓட்டைக் கடையில் விற்க மாட்டார்கள்.

சீமை ஓடு என்றதும் ஒரு செய்தி நினைவிற்கு வருகிறது. மங்களூரில் பாசல் மிஷனார் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். நேத்திராவதி ஆற்றங்கரைக் களிமண் அதற்கு மூலப்பொருளாயிற்று. பழைய வீடுகளில் ஓட்டைப் புரட்டினால் 1865 என்று பொறித்திருப்பதைச் சிலர் காணலாம். “எங்கள் கூரை நூற்றைம்பது வருடத்துக் கூரை” என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அது தொழிற்சாலை தோன்றிய ஆண்டு. ஆயினும் அத்தகைய பழைய ஓடுகளை அலட்சியமாக எறிந்துவிடாதீர்கள். ஓர் ஓட்டை எடுத்து விரல் மொட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் அது இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் உண்டு. பாசியைத் தேய்த்துக் கழுவி நல்லவற்றைத் தனியே அடுக்கினால், வாங்க வேண்டிய எண்ணிக்கை கணிசமாகக் குறையலாம். ஆனால் பழையதையும் புதியதையும் ஒரே வரிசையில் கலக்கக் கூடாது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை காடியும் அச்சும் மாறும், பூட்டிக்கொள்ளாது, பூட்டாத இடத்தில் நீர் இறங்கும்.

ரீப்பர் கணக்கு எளிது. 12 வரிசை ஓட்டுக்கு, கீழ் ஓரத்தில் ஒன்று கூட்டிப் பதின்மூன்று வரிசை ரீப்பர். 13-ஐ 32-ஆல் பெருக்கினால் 416 அடி; இரு சரிவுக்கும் 832 அடி. ரீப்பர் ஒட்டும் இடம் கைமரத்தின் மேல்தான் அமைய வேண்டும். அந்தரத்தில் ஒட்டக் கூடாது. ஆதலால் வெட்டுத் துண்டுகள் விழும். பத்தில் ஒரு பங்கு கூட்டி 915 அடி என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டை வாங்குவதற்கு முன் ரீப்பரை அடிக்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ரீப்பரின் இடைவெளியை ஓடுதான் தீர்மானிக்கிறது. கைமரம் இரண்டடிக்கு ஒன்று என்றால் 32 அடிக்கு ஒரு பக்கம் பதினேழு, இரு பக்கம் முப்பத்து நான்கு. இதில் பலரும் பதினாறு என்றே எண்ணுவார்கள்; முதல் மரத்தை விட்டுவிடுவதால் வரும் பிழை. பழைய கைமரங்களை எல்லாம் மாற்ற வேண்டுமென்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். கத்தி முனையால் குத்திப் பாருங்கள். குறிப்பாகச் சுவரில் அமரும் அடிப்பகுதியில், கரையான் ஏறும் இடத்தில். முனை இறங்காத மரம் நல்ல மரம்.

முகட்டு ஓட்டைப் பலர் மறந்தே போவார்கள். அதற்கு நீளக் கணக்குத்தான்; ஏறியமர்வது போக 14 அங்குலம் மூடுமென்றால் 32 அடி முகட்டுக்கு 28, உடைசலுக்கு இரண்டு. அதைப் பதிக்க ஒரு மூட்டை சிமெண்டு, பக்கவாட்டு ஓரங்களையும் பூசினால் இரண்டு.

நாற்புறமும் சரியும் கூரைக்கு ஓடு அதிகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே சாய்வாக இருந்தால் பரப்பளவு இரு சரிவுக் கூரைக்குச் சமமே. கூடுவது நான்கு மூலைகளில் ஓட்டைச் சாய்வாக வெட்டும் சேதமும், அம்மூலைகளுக்கான முகட்டு ஓடுகளும்தான். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து என்றிருப்பதை அங்கே பத்தாக்கிக்கொள்ள வேண்டும். முற்றம் வைத்த பழைய வீடுகளில், சரிவுகள் சேருமிடத்துக்குத் தகரக் கால்வாயும் வேண்டும்; அதை ஆசாரியைக் கொண்டே அளப்பது நல்லது.

ஓடு வேண்டாம், தகடு போட்டுவிடலாம் என்போரும் இன்று மிகுதி. வண்ணம் பூசிய உலோகத் தகடு இலேசானது, விரைவாக முடியும். வெயில் நேரத்தில் அதன் கீழே அமர்ந்து தைக்கவோ ஓதவோ முடியுமா என்பதை, அத்தகைய வீட்டில் ஒரு பகல் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு: தகட்டின் அகலம் வேறு, அது மூடும் அகலம் வேறு. விலை சொல்வது முழு அகலத்திற்கு. “போட்ட பிறகு எவ்வளவு மூடும்?” என்று கேட்டு, கூரையின் நீளத்தை அந்த அளவால் வகுக்க வேண்டும். சரிவின் நீளத்திற்கே ஒரே தகடாக வெட்டித் தரச் சொன்னால் குறுக்கு ஒட்டு மிச்சமாகும். இரு தகடாகப் போட்டால் அரையடி ஏற வேண்டும்.

பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் ஒரு வார்த்தை. அதை உடைத்துத் தள்ளாதீர்கள், வாளால் அறுக்காதீர்கள். அதன் தூசியிலுள்ள நுண்ணிழைகள் நுரையீரலுக்குள் சென்றால் பல்லாண்டுகள் கழித்தும் நோயாக வெளிப்படும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. தண்ணீர் தெளித்து நனைத்து, திருகைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கச் செய்யுங்கள். பிள்ளைகளை அன்று உறவினர் வீட்டிற்கு அனுப்பிவிடுங்கள். உடைந்த துண்டுகளை அடுப்புக்கு மறைப்பாக வைக்கும் பழக்கம் நம் கொல்லைகளில் உண்டு, அது வேண்டாம்.

லாத்தா வீட்டுக் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். நான்காம் நாள் மழை விட்டது. வேறொரு தொழிற்சாலை ஓடு முந்நூற்று இருபது கிடைத்தது. பொருந்தாதே என்று அஞ்சினேன். ஆசாரிதான் வழி கண்டார். மேலேயுள்ள மூன்று வரிசைகளையும் முழுக்கப் புதிய ஓட்டிலேயே போட்டுவிடுவது; அவற்றுக்கேற்றபடி மேல் ரீப்பர்களைப் பிடுங்கி இடைவெளி மாற்றி அடிப்பது. ஒரே வரிசையில் இரண்டு கலக்காது. சேருமிடத்தில் மட்டும் இன்னும் ஓரங்குலம் ஏற்றிவிட்டார். ஒரு நாள் வேலை கூடிற்று. கூடுதல் லாரி வாடகையையும் அந்த நாள் கூலியையும் என் கையிலிருந்து கொடுத்தேன். தையல் இயந்திரத்தைப் பழுது பார்க்க லாத்தாவே கொடுத்துவிட்டார். எவ்வளவு கேட்டும் தொகையைச் சொல்ல மறுத்துவிட்டார்.

வேலை முடிந்த மாலை, ஆசாரியிடம் கூலியைக் கொடுத்துவிட்டு, “நான் உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்” என்றேன். பணத்தை எண்ணி மடியில் செருகியபடி, “தெரியும் பாய்” என்றார்.

“ஓடு பற்றாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா, இன்னும் கூட்டிக் கேக்குறான்னுதானே நெனச்சிருப்பீங்க?”

எனக்குப் பதில் இல்லை. அன்றிரவு மீண்டும் சவூதிக்குப் பேசினேன். முன்பு பெருமையாகச் சொன்னதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. ஆசாரி சொன்ன கணக்கே சரியானது, நான்தான் தரையை அளந்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அத்தம்பி நல்லவர், சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் நான் முதலில் சொன்னதை அவர் தம் அறையில் உடனிருந்த இன்னும் இருவரிடம் சொல்லியிருந்தாராம். அவர்கள் நம்மூர்க்காரர்கள். அவர்களிடமும் மாற்றிச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

உங்கள் வீட்டுக் கணக்கில் ஆசாரி சொல்வதும் நீங்கள் போடுவதும் ஒத்துவரவில்லை என்றால், அவரையே அருகில் அமர்த்தி, “எப்படி வந்தது என்று சொல்லுங்கள்” என்று கேளுங்கள். மெய்யான கணக்கு வைத்திருப்பவர் வரிசை வரிசையாகச் சொல்லிக் காட்டிவிடுவார். கூட்டிச் சொல்பவராக இருந்தால் அதுவும் அங்கேயே வெளிப்பட்டுவிடும். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி வாங்கி, அதன் கீழேயே வெளிநாட்டிலிருப்பவருக்கும் அனுப்பிவிடுங்கள். நான் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

இன்னொன்று. ஓடு வாங்கும்போதே அதே ஓட்டில் ஒரு முப்பதையாவது கூடுதலாக வாங்கிச் சுவரோரம் அடுக்கி வைத்துவிடுங்கள். அடுத்த லாரியில் வருவது அதே அச்சாக இருக்குமென்று சொல்ல முடியாது. லாத்தா வீட்டில் மிச்சமாகி நின்றவை அனைத்தும் இரண்டாவது ஓடுகள். அவை மேல் மூன்று வரிசைக்கு மட்டுமே ஆகும். இரண்டு ஆண்டு கழித்து, பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து நெற்று விழுந்து கீழ் வரிசையில் ஓர் ஓடு உடைந்தது. அந்த அச்சு ஓடு எங்கும் கிடைக்கவில்லை. கிழக்குச் சரிவில், கீழிருந்து நான்காவது வரிசையில், ஒரு தகரத் துண்டைச் செருகி வைத்திருக்கிறார்கள். அஸர் தொழுகைக்கு அந்தத் தெரு வழியாகப் போகும்போது அண்ணாந்து பார்ப்பேன். லாத்தா திண்ணையில் இருந்தால் ஸலாம் சொல்வார். தகரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை.